புளி போட்டுத் தேய்ச்ச துவக்குக் கத்தி

அக்கா, மொதல்ல ஒன்னு சொல்லிறேன். போன செவ்வாக்கிழம உங்களுக்கு ஒரு போட்டோ அனுப்பினேன்ல, நான் பெரிய கத்தி ஒன்ன புடிச்சுக்கிட்டு நிக்கிற மாதிரி, அத அழிச்சிறாதீங்க. அழிச்சிருந்தா வேற யார்கிட்டயாவது இருக்கான்னு பாருங்க. இப்பவே பாருங்க. பாத்துட்டு வந்து மிச்சத்த வாசிங்க.

வலது கை பெருவெரல்ல கட்டுப் போட்டிருக்கேன். அதுனாலதான் போன்ல பேசி எழுத வைக்கிறேன். கண்டி வாவிக் கரையில ஒரு பெஞ்சுல உக்காந்திருக்கேன். மணி ஒன்னேகால். நாலு மணிக்கு நான் திரும்பக் கடைக்குப் போவணும். போயி ஒரு காயிதத்துல கையெழுத்துப் போடணும். போட்டா நான் திருடன். போடாட்டி பொலிசு. என் அடையாள அட்ட மொதலாளிகிட்ட இருக்கு. வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே வாங்கி லாச்சியில போட்டுப் பூட்டிட்டாரு. அது இல்லாம நம்ம ஊருக்கு, புசல்லாவை பஸ்ஸுல ஏறி என்ன பண்றது? வீட்டுக்கே தேடி வருவாங்க.

அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டும்போது இந்த எடத்துல நிப்பாட்டி, தம்பி ஒன்னும் திருடலன்னு சொல்லிட்டு அப்புறம் வாசிங்க.

கடை பத்தி உங்களுக்கு அரகொறயாதான் தெரியும். பேராதனை ரோட்டுல பழைய சாமான் விக்கிற கடை. பித்தள வெளக்கு, மணிக்கூடு, பங்களாவுல இருந்து வந்த கதிரை, அலுமாரி, அப்புறம் பின் ரூம்ல ஆயுதங்க. மொதலாளி பேரு பரமநாதன். யாழ்ப்பாணத்து ஆளு, கண்டிக்கு வந்து முப்பது வருசமாச்சு. ஏழு மாசமா நான் அவருகிட்ட வேல செய்யிறேன், ஒருநாளு கூட என்னைய யுகேஷ்னு கூப்பிட்டதில்ல. டேய். இல்லாட்டி தோட்டத்து ஆளுங்கள ஏசுற அந்தச் சொல்லு, தோட்டக்காட்டான். இத நான் உங்ககிட்ட சொன்னதில்ல, அப்பா கேட்டா திரும்பி வாடான்னுருவாரு.

அந்த பின் ரூம்ல கண்ணாடி அலுமாரியில இருக்குறதெல்லாம் ரெண்டு வேல செய்யிற ஆயுதங்க. மடக்குக் கத்தி ஒன்னு இருக்கு, அதோட முதுகுல சுண்டுவெரல் நீளத்துக்கு துவக்குக் குழல். கைத்தடி ஒன்னு, உருவினா கத்தி, விசைய அமுக்கினா வெடி. எல்லாத்துக்கும் பெருசு நான் போட்டோவுல புடிச்சிருந்த அந்தத் துவக்குக் கத்தி. ரெண்டடி நீளம், மான் கொம்புல கைப்பிடி, கைக்கு முன்னால பித்தள வளைவு. அலகோட வலது பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு குழல் ஒட்டியிருக்கும். கல்லு உரசி நெருப்பு வர்ற பழைய காலத்து வக. அந்தக் காலத்துல வேட்டைக்குப் போற வெள்ளக்காரன் வச்சிருந்ததாம். பன்னி பாஞ்சு வந்தா ஒரு வெடி, வெடி தப்பினா கத்தி.

தூக்கிப் பாத்தாத்தான் தெரியும் அக்கா, அது ஒன்னுக்கும் ஒதவாது. குழல் இருக்குற பக்கமே கை சாயுது. நம்ம அப்பா தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி கையில வந்து உக்காருமே, அந்த மாதிரி இது உக்காராது. நான் வாய் தவறி அத மொதலாளிகிட்ட சொல்லிட்டேன். சிரிச்சாரு.

"ஓமடா, உது ரெண்டுங்கெட்டான். உன்னை மாதிரித்தான். கொழுந்து பறிக்கவும் தெரியாது, கணக்கு எழுதவும் தெரியாது. ஆனா உதுக்கு விலை இருக்கு. உனக்கு இல்லை."

கடையில போட்டோ எடுக்கக் கூடாது. அது அவரோட சட்டம். சனிக்கிழமையில என் போன வாங்கிப் படமெல்லாம் தள்ளித் தள்ளிப் பாப்பாரு. செவ்வாக்கிழம அவரு கலகெதரக்கு ஒரு பழைய பெட்டி பாக்கப் போயிருந்தாரு. அப்பத்தான் கண்ணாடிக்கு முன்னால நின்னு எடுத்து உங்களுக்கும் அப்பாவுக்கும் அனுப்பிட்டு ஒடனே அழிச்சேன். ஏன் எடுத்தேன்னு கேக்காதீங்க. கண்டியில சும்மா தூசி தட்டிக்கிட்டு இருக்கான்னு மாமா சொன்னாருல்ல, அதுக்குத்தான்.

வியாழக்கிழம கட்டுகஸ்தோட்டையில இருந்து ஸெய்னுலாப்தீன் ஹாஜியார் வந்தாரு. மாணிக்கக் கல்லு யாவாரம். பழைய ஆயுதம் சேக்குறவரு. மொதலாளி பின் ரூம்ல மஞ்ச பல்ப மட்டும் போட்டு, அந்தத் துவக்குக் கத்திய அவரே எடுத்து ஹாஜியார் கையில குடுத்தாரு. எரநூறு வருசம், ஒரு துரையோட வாரிசு ஊர விட்டுப் போகக்குள்ள குடுத்ததுன்னு என்னென்னமோ சொன்னாரு. ஹாஜியார் புடிச்சுப் பாத்துட்டு, சனிக்கிழம பகல்ல வந்து எடுத்துக்கிறேன்னு போயிட்டாரு.

நேத்து சாயங்காலம் மொதலாளி வீட்டுக்குப் போகும்போது சொன்னாரு, "நாளைக்கு ஆயுத பூசை. கடையைத் துப்பரவாக்கி, எல்லாத்தையும் மினுக்கி வை. காலமை ஐயர் வருவார்."

எல்லாத்தையும்னா என்ன அர்த்தம் அக்கா? ஆயுத பூசைக்கு நம்ம வீட்டுல என்ன செய்வோம்? மம்பட்டி, கவ்வாத்துக் கத்தி, மண்ணு கொத்துற முள்ளு, எல்லாத்தையும் தண்ணி விழுற பீலியடிக்குக் கொண்டு போயி புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சு, சந்தனம் குங்குமம் வச்சு, வரிசையா சுவத்துல சாத்துவோம். கத்திய அழுக்கோட விட்டுட்டு வெளக்க மட்டும் தேய்ச்சா அது சாமி குத்தம். கடக்காரங்களுக்கு ஆயுதம்னா மேசையும் கணக்குப் பொஸ்தகமும்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் நேரா பின் ரூமுக்குத்தான் போனேன். கடை முழுக்க உண்மையான ஆயுதம் அதுதானே.

முனையில இருக்குற கடையில புளி வாங்கினேன், அடுப்புச் சாம்பல் பக்கத்து சாப்பாட்டுக் கடையில குடுத்தாங்க. தேங்காத் தும்பு போட்டு ரெண்டு மணித்தியாலம் தேய்ச்சேன். கறுப்பும் செவப்புமா இருந்த அலகு வெள்ளி மாதிரி ஆயிருச்சு. பித்தள வளைவு தங்கம் மாதிரி. தேய்க்கும்போதுதான் அலகு பெருவெரல்ல ஏறிருச்சு. ஆனா ஒன்னு கவனிச்சேன். அலகும் குழலும் சேர்ற எடத்துல புளித் தண்ணி பட்டதும் கறுப்புச் சாயம் தேயிலச் சாயம் மாதிரி ஓடிச்சு. அடியில பாத்தா பளபளன்னு புது வெல்டிங். நம்ம கேட்டுக்கு வச்ச மாதிரியே பொக்கு பொக்கா. கீழ ரெண்டு திருகாணி, தலையில கூட்டல் அடையாளம் மாதிரி வெட்டு. எரநூறு வருசத்துக்கு முன்னால ஏது அந்த ஆணி?

நான் என்ன நெனச்சேன் தெரியுமா? யாரோ ஒடஞ்சத ஒட்டியிருக்காங்க, மொதலாளிக்குத் தெரியாது போலன்னு நெனச்சேன். அந்த எடத்த இன்னும் நல்லாத் தேய்ச்சேன். சந்தனம் வச்சு, குங்குமம் வச்சு, மஞ்சத் துணி விரிச்சு அதுமேல வச்சேன். பெருமையா இருந்துச்சு அக்கா.

காலைல மொதலாளி வந்தாரு. பாத்தாரு.

"என்னடா இது?"

"ஆயுத பூசைக்கு, மொதலாளி."

"ஆரடா உனக்கு உதைத் தொடச் சொன்னது? விசரா! விளக்கையடா மினுக்கச் சொன்னனான், விளக்கை!"

"எல்லாத்தையும்னு சொன்னீங்க மொதலாளி. அப்புறம் ஒரு விசயம், இதுல யாரோ வெல்டிங் வச்சிருக்காங்க, பாத்தீங்களா? இந்தா, இந்த எடத்துல..."

அப்பத்தான் அவரோட மொகம் மாறிச்சு. கத்துறத நிப்பாட்டிட்டாரு. அந்த எடத்த வெரலால தடவினாரு. என்னையப் பாத்தாரு. கத்தும்போது கூட எனக்குப் பயம் வரல அக்கா, அந்தப் பார்வைக்குத்தான் வந்துச்சு. அவருக்கு அது புதுசில்ல. அந்த வெல்டிங் அங்க இருக்குன்னு அவருக்கு முந்தியே தெரியும்.

கறுப்பு பொலிஷ் எடுத்துட்டு வாடான்னாரு. எடுத்துட்டு வர்றதுக்குள்ள ஐயருக்கு முன்னாலயே ஹாஜியார் வந்துட்டாரு, பத்து மணிக்கு வர்றேன்னவரு எட்டரைக்கே. நேரா பின் ரூமுக்கு வந்துட்டாரு.

"என்னேன் இது? கலியாண வீட்டுச் சாமான் மாதிரி மினுங்குது."

மொதலாளி மஞ்சத் துணியால கைப்பிடியச் சுத்திப் புடிச்சுக்கிட்டு மறைக்கப் பாத்தாரு. ஹாஜியார் குனிஞ்சு அந்த ஒட்டுன எடத்தப் பாத்துட்டாரு. கண்ணாடியக் கழட்டித் தொடச்சுப் போட்டுத் திரும்பப் பாத்தாரு.

"பரமநாதன், இது நேத்து ஒட்டின சாமான். நீங்க எனக்கு இதையா விக்கப் போனீங்க?"

மொதலாளி ஒரு செக்கன் கூட யோசிக்கல அக்கா. என் சட்டையப் புடிச்சு இழுத்து முன்னால விட்டாரு.

"நான் இல்லை ஹாஜியார், இந்த நாய்! ராவோட ராவா மாத்திப்போட்டான். அசலை வித்துப்போட்டு, எங்கயோ பட்டறையில உதைச் செய்து வச்சிருக்கிறான். பொட்டு வேற வச்சு என்னை ஏமாத்தப் பாக்கிறான்!"

நான் இல்லைங்க, இல்லைங்கன்னு சொன்னேன். ஹாஜியார் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு.

"எந்த ஊரு?"

"புசல்லாவைங்க. தோட்டம்."

"ம்" அப்பிடின்னாரு. அந்த ம்லயே முடிஞ்சிருச்சு. மொதலாளி பக்கம் திரும்பினாரு. "பொடியன் மாத்தினது உண்மைன்டா பொலிசுக்குப் போங்க. துவக்கு ஈக்கிற சாமான், காணாமப் போனா வெளையாட்டில்ல. நாலு மணிக்குத் திரும்ப வாறேன். அதுக்குள்ள அவன் கையெழுத்தோட எழுத்துல ஒன்னு தாங்க. இல்லாட்டி ஒங்க பேரச் செல்லி நானே பொலிசுக்குப் போவேன்."

அவரு போனதும் மொதலாளி கதவச் சாத்திட்டு என்கிட்ட மெதுவாப் பேசினாரு. அடிச்சிருந்தாக் கூடப் பரவாயில்ல.

"கேள். நீ கையெழுத்து வை. நான் பொலிசுக்குப் போக மாட்டன். உன்ர அட்டையைத் தாறன், ஊருக்குப் போ. வைக்காட்டி, துவக்குக் களவெண்டு எழுதுவன். நீ ஆர், நான் ஆர்? ஆரை நம்புவினம்? தோட்டத்துப் பொடியன், கையில துவக்கு. மிச்சத்தை அவை பாத்துக்கொள்ளுவினம்."

அப்பிடிச் சொல்லிட்டு வெளிய போ, யோசிச்சிட்டு வான்னு அனுப்பிட்டாரு. ஓட மாட்டேன்னு அவருக்குத் தெரியும். அட்ட அவருகிட்டல்ல இருக்கு.

இப்ப கேளுங்க அக்கா. கொம்புக் கைப்பிடியில ஒரு வெடிப்பு இருக்கு, பல்லி வால் மாதிரி வளஞ்சு போயி நுனியில ரெண்டாப் பிரியும். தேய்க்கும்போது புளி உள்ள போயிரும்னு அதுல நான் கை வைக்கல. செவ்வாக்கிழம போட்டோவுல அது தெரியணும், நான் கைய கொஞ்சம் கீழதான் புடிச்சிருந்தேன். அன்னைக்கும் இதே வெடிப்பு, இன்னைக்கும் இதே வெடிப்புன்னா மாத்தல. ஹாஜியார் பாத்தது வியாழக்கிழம. நடுவுல. அப்ப அவரு கையில மொதலாளி குடுத்ததும் இதுதான்.

அதுக்கு தேதி தெரியணும். வாட்ஸப்புல படம் வந்த தேதியோட ஸ்கிரீன் ஷொட் எடுத்து அனுப்புங்க. 

பயம் என்னன்னா, அந்தப் போட்டோவுல நான் எப்பிடி நிக்கிறேன்னு உங்களுக்குத் தெரியும். கூலிங் கிளாஸ் வேற. பொலிசுல யாராச்சும் அதப் பாத்தா வெடிப்பையா பாப்பாங்க? ஆனா அது ஒன்னுதான் என்கிட்ட இருக்கு. என்கிட்ட கூட இல்ல, உங்ககிட்ட இருக்கு.

சீக்கிரம் அக்கா.

*

மணி அஞ்சர ஆச்சு. அக்கா, நான் வெளியதான் இருக்கேன், பயப்படாதீங்க. குட்செட் பஸ் ஸ்டாண்டுல பேசிக்கிட்டு இருக்கேன், பஸ் சத்தத்துல சொல்லு மாறி விழுந்திருந்தா அட்ஜஸ்ட் பண்ணி வாசிங்க.

உங்க போன்ல எடம் பத்தலன்னு அழிச்சிட்டேன்னு சொன்னப்ப பெஞ்சுல இருந்து எந்திரிச்சு நின்னுட்டேன். அப்பா அத ப்ரொபைல் படமா வச்சிருக்காருன்னு நீங்க சொன்னதும் சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல. தோட்டம் முழுக்க நாலு நாளா என்னையக் கத்தியும் துவக்குமாத்தான் பாத்திருக்கு. நீங்க அப்பா வேல செய்யிற மலைக்கு ஓடிப் போயி அப்பா போன வாங்கி அனுப்பினது மூணே முக்காலுக்கு வந்துச்சு. தேதி தெளிவா இருக்கு. பெருசாக்கிப் பாத்தேன். பல்லி வால் இருந்துச்சு.

நான் நாலுக்கு அஞ்சு நிமிசம் இருக்கக் கடைக்குள்ள போனேன். காலைல ஐயர் வந்துட்டுப் போயிருக்காரு போல, மேசை மேல பொரியும் கடலையும் இருந்துச்சு, பக்கத்துல காயிதமும் பேனையும். சிங்களத்துல டைப் பண்ணி வச்சிருந்தாரு. நான் வாசிச்சேன். ‘என் சுயவிருப்பத்தில் திருடி விற்றேன்’னு இருந்துச்சு.

"வை."

"ஹாஜியார் வந்ததும் வைக்கிறேன் மொதலாளி."

"இப்ப வை!"

"அவரு முன்னால வைக்கிறேன். நான்தானே திருடன், நான் எங்க ஓடப் போறேன்?"

எனக்கே தெரியல எப்பிடி அந்தப் பேச்சு வந்துச்சுன்னு. கட்டுல இருந்து ரத்தம் திரும்பக் கசியுது. அவரு பேனைய என் கைக்குள்ள திணிச்சு வெரல அழுத்தினாரு, அந்த வெட்டுன எடத்துலயே. நான் பேனையக் கீழ போட்டேன். எடுன்னாரு. எடுக்கல. அப்ப கார் கதவு சத்தம் கேட்டுச்சு.

ஹாஜியார் உக்காரவே இல்ல. "எழுதிட்டானா?"

"எழுதப் போறான் ஹாஜியார். ஒத்துக்கொண்டிட்டான்."

"ஒத்துக்கல"ன்னேன். போன நீட்டினேன்.

மொதலாளி பாய்ஞ்சு எட்டிப் பாத்தாரு. பாத்ததும் சந்தோசம் வந்திருச்சு அவருக்கு. "பாருங்கோ! பாருங்கோ ஹாஜியார், கண்ணாடி போட்டுக்கொண்டு ஆயுதத்தோட நிக்கிறான்! படம் எடுக்கப்படாதெண்டு தலையால அடிச்சனான். ஏன் எடுத்தவன்? வாங்கிறவனுக்குக் காட்ட! இதைவிட என்ன சாட்சி வேணும்?"

"கொம்பப் பாருங்க"ன்னேன் ஹாஜியார்கிட்ட. "வெடிப்பு. அப்புறம் மேல தேதி. செவ்வாக்கிழம. நீங்க பாத்தது வியாழக்கிழமைங்க."

அவரு போன வாங்கிப் பெருசாக்கினாரு. அப்புறம் கைய நீட்டி, "சாமானத் தாங்க"ன்னாரு. மொதலாளி நகரல. "தாங்க பரமநாதன்."

அலுமாரியில இருந்து வந்துச்சு. அதுக்குள்ள அதுல கறுப்பு பொலிஷ் பூசியிருந்தாரு அக்கா. ஆனா கொம்புக்குப் பூசல. ஹாஜியார் கதவு வெளிச்சத்துக்குக் கொண்டு போயி, போனப் பக்கத்துல வச்சு, ரொம்ப நேரம் பாத்தாரு. வெளிய பஸ் ஹோர்ன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

"அப்பவே மாத்திப்போட்டான்" மொதலாளி சொன்னாரு. "திங்கக்கிழமையே மாத்தியிருப்பான். இது கள்ளச் சாமானின்ர படம்."

"அப்ப வியாழக்கிழம என் கையில தந்ததும் கள்ளச் சாமான்தானே. மஞ்ச பல்ப போட்டுத் தந்தது இவனா, நீங்களா?"

மொதலாளி பொரித் தட்ட அப்பிடியும் இப்பிடியும் தள்ளினாரு.

ஹாஜியார் அந்தக் கத்திய மேசை மேல போட்டாரு. வைக்கல, போட்டாரு. மேசைக் கண்ணாடியில கீறல் விழுந்திருக்கும். "ஒங்கட கடைக்கு இனி நான் மட்டுமில்ல, எனக்குத் தெரிஞ்ச ஒருத்தனும் வர மாட்டான். வெளங்குதா?"

எனக்கு நிம்மதியா இருந்துச்சு. நன்றிங்கன்னு சொன்னேன். அதுக்கு அவரு திரும்பி என்னையப் பாத்தாரு பாருங்க அக்கா.

"எனக்கு நன்றி செல்லாத. ஏழு மாசமா இங்க நிக்கிற. வர்ற ஆளுக்கெல்லாம் எரநூறு வருசம்ன்டு இவரு செல்லக்குள்ள பக்கத்துல நின்டு தலையாட்டினவன் நீ. ஒனக்குக் கண்ணு இல்லையா? இந்தப் படத்த நான் எனக்கு அனுப்பிக்கிறேன். நாளைக்கு எங்கயாச்சும் இந்த மாதிரி ஒரு சாமான் வந்தா, ஒன்னையத்தான் மொதல்ல தேடுவேன்."

அனுப்பிக்கிட்டாரு. என் கண்ணு முன்னால. தலையாட்டினது உண்மைதான், தெரியாம ஆட்டினேன். ஆனா அவருக்கு அது ஒன்னுதான்.

அவரு கதவுகிட்ட போகும்போது நான் சொன்னேன், "ஹாஜியார், ஒரு நிமிசம் நில்லுங்க. என் அடையாள அட்ட இவருகிட்ட இருக்கு. நீங்க போனப்புறம் கெடைக்காது."

அவரு சலிச்சுக்கிட்டாரு. ஆனா நின்னாரு. "குடுங்க பரமநாதன், நேரமில்ல."

லாச்சியத் தொறந்து அட்டைய எடுத்து என் கையில குடுக்கல, தரையில எறிஞ்சாரு. குனிஞ்சு எடுத்தேன். காயிதத்தையும் எடுத்தேன், கையெழுத்துப் போடாத அந்தக் காயிதத்த, மடிச்சு சட்டைப் பையில வச்சேன். அதப் புடுங்க வந்தாரு, ஹாஜியார் நிக்கிறதப் பாத்துட்டு விட்டுட்டாரு. மொதலாளி என் துணிப் பைய வாங்கிக் கவுத்துப் பாத்தாரு. ஒரு சேர்ட்டு, ஒரு துவாய், பேப்பர்ல சுத்தின மிச்சப் புளி.

"இதையும் கொண்டு போ தோட்டக்காட்டான். கண்டியில உன்னை ஒருத்தனும் வேலைக்கு எடுக்காமப் பாக்கிறன்."

"என் பேரு யுகேஷ்"னு சொல்லிட்டு வந்துட்டேன். வாசல் தாண்டினப்புறம்தான் சொன்னேன், அவருக்குக் கேட்டுச்சோ என்னமோ.

நான் இன்னைக்கு வீட்டுக்கு வரல அக்கா. வந்தா மாமா கேப்பாரு, எல்லாரும் கேப்பாங்க. பல்லேகலையில ஒரு கம்பனியில ஆள் எடுக்குறாங்களாம், திங்கக்கிழம போயிப் பாக்குறேன். அங்க அட்டையக் கேட்டா காட்டுவேன், குடுக்க மாட்டேன். அம்மாவ அழ வேணாம்னு சொல்லுங்க. வெரலுக்கு மருந்து போட்டுட்டேன்.

அப்பாகிட்ட சொல்லுங்க, அந்தப் படத்த ப்ரொபைல்ல இருந்து இப்பவே எடுக்கச் சொல்லுங்க. ஒடனே. அதுக்குப் பதிலா முருகன் படத்தப் போடட்டும். ஆனா அழிக்க வேணாம். யாராச்சும் கேட்டா இல்லன்னு சொல்லணும், ஆனா இருக்கணும். தேதியோட.